நரம்பை எண்ணக் கற்றுக்கொடுத்த மாடி: நாகர்கோவிலில் ஒரு நியூரோ கோடிங் வகுப்பு

முதல் வகுப்பில் டீச்சர் என் வலது கையை மேசைமேல் மல்லாக்க வைக்கச் சொன்னார். பச்சை ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, மணிக்கட்டின் நடுவிலிருந்து உள்ளங்கைக்கு ஒரு கோடு இழுத்தார். "இது மீடியன்." சுண்டுவிரல் பக்கமாக இன்னொன்று. "இது அல்நார்." கையைத் திருப்பிப் பெருவிரலின் பின்புறம் மூன்றாவது. "இது ரேடியல். இப்பம் சொல்லு மக்ளே, இந்தக் கையில எத்தனை ஸ்டடி?"

மூன்று கோடு இருக்கிறது. மூன்று என்றேன்.

"யாரு சொன்னா? மோட்டார் செஞ்சானா, சென்சரி செஞ்சானா, ரெண்டும் செஞ்சானான்னு கேட்டியா?" நரம்பின் அசைவுப் பகுதியைச் சோதித்தால் மோட்டார், உணர்ச்சிப் பகுதியைச் சோதித்தால் சென்சரி. ஒவ்வொன்றும் ஒரு ஸ்டடி.

அந்தப் பச்சை இரண்டு நாள் போகவில்லை. வீட்டில் மாமி மருதாணியா என்று கேட்டார். கோடு என்று சொன்னேன். தமிழில் இது ஒரு வசதி. அவர் கையில் இழுத்ததும் கோடு, நான் சம்பளத்துக்குப் போடுவதும் கோடு.

இந்த விமர்சனம் நாகர்கோவிலில் மணிமேடைக்கும் வேப்பமூட்டுக்கும் நடுவில் ஒரு மாடியில் இயங்கும் மெடிக்கல் கோடிங் பயிற்சி நிலையத்தைப் பற்றியது. அங்கே நியூராலஜிக்கு மட்டும் தனியாக நடத்திய 12 வார ஞாயிறு வகுப்பில் 2023 செப்டம்பர் முதல் நவம்பர் வரை படித்தேன். கட்டணம் 18,000 ரூபாய். நிலையத்தின் பெயரைப் போடப் போவதில்லை. குறைகள் நிறையச் சொல்லப் போகிறேன். அதே குறைகள் மற்ற இடங்களிலும் உண்டென்று கூடப் படித்தவர்கள் சொன்னார்கள். அதனால் ஒருவர் தலையில் மட்டும் கட்ட மனமில்லை.

என்னைப் பற்றி முதலில். நர்சிங் டிப்ளமோ படித்தேன். இரண்டு வருஷம் வார்டில் வேலை பார்த்தேன். கல்யாணம், குழந்தை, தக்கலை. குவைத்துக்குப் போகலாம் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். நான் கோடிங்குக்கு வந்தேன். அமெரிக்காவில் டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டு எழுதும் குறிப்பு கணினியில் எங்களுக்கு வரும். நோய்க்கு ஒரு கோடு, செய்த சோதனைக்கோ சிகிச்சைக்கோ ஒரு கோடு என்று நாங்கள் போடுவோம். அது பில்லாகி இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகும். கோடு பிசகினால் பணம் வராது. வந்த பணத்தைத் திருப்பிக் கேட்பதும் உண்டு. இவ்வளவுதான் வேலை. தொலைபேசியில் பேச வேண்டியதில்லை என்பதால் பகலிலேயே பார்க்கலாம். ராத்திரி கண்விழிப்பதெல்லாம் இன்சூரன்ஸ்காரர்களைக் கூப்பிட்டுப் பேசும் ஏ.ஆர். காலர்களுக்கு.

இரண்டு வருஷம் குடும்ப டாக்டர்களின் குறிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல், சர்க்கரை, பிரஷர். நாங்கள் போட்ட கோடு சரியா என்று பார்க்கும் ஆடிட்டில் 96, 97 சதவீதம் வரும். 2023 ஜூனில் கம்பெனியில் என்னைத் தூக்கி நியூராலஜி கிளையண்டில் போட்டார்கள். ஒரு வாரம் டிரெயினிங் என்று சொல்லி, ஒரு பி.டி.எஃப். அனுப்பினார்கள். முதல் மாத ஆடிட் 81. எங்களுக்கு 95க்குக் கீழே போனால் எச்சரிக்கை மெயில். இரண்டு மெயில் வந்தது. மூன்றாவதுக்குக் காத்திருக்காமல்தான் இந்த மாடிப்படி ஏறினேன்.

வகுப்பு 11.30க்குத் தொடங்கும் என்று பலகையில் இருக்கும். பேட்சில் பாதிப் பேர் ஞாயிறு ஆராதனை முடிந்து வருகிறவர்கள் என்பதால் அந்த நேரம். உண்மையில் பன்னிரண்டு ஆகும். தக்கலையிலிருந்து வடசேரி வரை பஸ். அக்டோபர் மழையில் வில்லுக்குறியில் நின்றால் நின்றதுதான். 11 பேர் இருந்தோம். நாலு பேர் நர்சிங், இரண்டு பிசியோதெரபி, ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் விலங்கியல் படித்த பையன் ஒருவன், குளச்சல்காரர் ஒரு ஏ.ஆர். காலர், மற்றவர்கள் என்னைப் போல ஏற்கெனவே கோடிங்கில் இருந்து நியூரோவில் மாட்டிக்கொண்டவர்கள்.

நரம்பு எண்ணுவதிலேயே மூன்று ஞாயிறு போனது. வீண் என்று நினைக்காதீர்கள்.

நரம்பின் கடத்தும் வேகத்தைச் சோதிக்கும் என்.சி.எஸ். சோதனைக்கு எண்ணிக்கையை வைத்துத்தான் கோடு. 1 அல்லது 2 ஸ்டடி என்றால் 95907. 3, 4 என்றால் 95908. 5, 6 என்றால் 95909. இப்படியே ஏறி, 13 அல்லது அதற்கு மேல் எத்தனை செய்தாலும் 95913. கேட்க எல்.கே.ஜி. கணக்கு மாதிரி இருக்கும். என் 81 சதவீதத்தின் பாதி இங்கேதான் போனது. ரிப்போர்ட்டில் அட்டவணை இருக்கும். நான் என்ன செய்தேன் என்றால், வரிகளை எண்ணினேன். மீடியன் மோட்டார், மணிக்கட்டில் தூண்டியது ஒரு வரி, முழங்கையில் தூண்டியது ஒரு வரி. இரண்டு வரி, இரண்டு ஸ்டடி என்று போட்டேன். தப்பு. ஒரே நரம்பை வழியில் நாலு இடத்தில் தூண்டினாலும் ஒரு ஸ்டடிதான்.

அடுத்த பொறி எஃப்-வேவ், தண்டுவடம் வரை போய்த் திரும்பி வரும் அலை. மோட்டார் ஸ்டடியோடு சேர்த்து அதையும் எடுப்பார்கள். ரிப்போர்ட்டில் தனியாக ஓர் அட்டவணையே போட்டிருப்பார்கள், எண்ணச் சொல்லிக் கெஞ்சுகிற மாதிரி. எண்ணக்கூடாது. எஃப்-வேவ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த மோட்டார் ஸ்டடி ஒன்றுதான். ஆனால் ஹெச்-ரிஃப்ளெக்ஸ் என்ற அனிச்சைச் சோதனை செய்திருந்தால் அது தனி. இது ஏன் இப்படி என்று டீச்சரிடம் கேட்டேன். "புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு, சம்பளம் வேணும்னா எண்ணு" என்றார். எனக்குப் பிடித்த பதில்.

அவர் கொடுத்த பயிற்சி ரிப்போர்ட் ஒன்று இன்னும் மனப்பாடம். கை மரத்துப்போகிறது, மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படும் கார்ப்பல் டனலா என்று பார்க்கிறார்கள். வலது மீடியன் மோட்டார், வலது மீடியன் சென்சரி, வலது அல்நார் மோட்டார், வலது அல்நார் சென்சரி, இடது மீடியன் மோட்டார், இடது மீடியன் சென்சரி. கீழே வலது மீடியனுக்கும் அல்நாருக்கும் எஃப்-வேவ். பதினோரு பேரில் ஏழு பேர் எட்டு என்று எழுதி 95910 போட்டோம். ஆறு. 95909. டீச்சர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. நெற்றியில் கை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

இதற்கும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. காலில் பெரோனியல் நரம்பை ஒருமுறை பாதத்தின் மேலுள்ள தசையில் பதிவு செய்து, இன்னொருமுறை முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசையில் பதிவு செய்தால் இரண்டாக எண்ணலாம். எதையெல்லாம் தனித்தனியாக எண்ணலாம் என்பது சோதனை, சிகிச்சைக் கோடுகளுக்கான சிபிடி புத்தகத்தின் பின்னால் ஜே பின்னிணைப்பில் பட்டியலாக இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்ட வைத்தபிறகுதான் வீட்டுக்கு விட்டார். புத்தகத்தை இரண்டு வருஷமாக வைத்திருந்தேன். அந்தப் பக்கம் இருப்பது அன்றைக்குத்தான் தெரியும்.

தசையில் ஊசி குத்திச் செய்யும் இ.எம்.ஜி. சோதனையும் இதோடு வரும். என்.சி.எஸ். செய்த அதே நாளில் ஒரு கையிலோ காலிலோ ஐந்து தசையோ அதற்கு மேலோ பார்த்திருந்தால் 95886. நாலு அல்லது அதற்குக் கீழே என்றால் 95885. ஐந்து தசை இருந்தால் மட்டும் போதாது, அவை மூன்று நரம்புகளிலிருந்தோ தண்டுவடத்தின் நாலு மட்டங்களிலிருந்தோ வருகிறவையாக இருக்க வேண்டும். நர்சிங் படித்த எங்களுக்கே தசைப் பெயர்கள் மறந்துபோயிருந்தன. பிசியோதெரபி பெண்கள் இரண்டு பேரும் அன்றைக்கு ராணிகள். என்.சி.எஸ். இல்லாமல் ஊசிச் சோதனை மட்டும் நடந்திருந்தால் இந்த இரண்டு கோடுமே செல்லாது. 95860 வரிசைக்குப் போக வேண்டும்.

நாலாவது ஞாயிறு மூளையின் மின் அலையைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. இந்த டீச்சர் கோடிங்குக்கு வருவதற்கு முன் திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் இ.இ.ஜி. டெக்னீஷியனாக இருந்தவர். அதனால் விலங்கியல் பையனை முன்னால் உட்கார வைத்து, அளவு நாடாவை மூக்குத் தண்டிலிருந்து பிடரி வரை பிடித்து, தலையில் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்துக் காட்டினார். அவன் அன்று சாயங்காலம் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போக வேண்டியவன். புள்ளிகளோடே போனான்.

புள்ளி வைத்த பிறகு கடிகாரம். இ.இ.ஜி.யில் எல்லாம் நேரம்தான். சாதாரணமாக 20 முதல் 40 நிமிஷம் பதிவு செய்தால், நோயாளி விழிப்பும் தூக்கக் கலக்கமுமாக இருந்தால் 95816, விழிப்பும் தூக்கமுமாக இருந்தால் 95819. 41 நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை 95812. 61லிருந்து 119 நிமிஷம் வரை 95813. இரண்டு மணி நேரம் தாண்டினால் வேறு உலகம். 2020 ஜனவரி 1ஆம் தேதி அந்த உலகத்தையே கலைத்து அடுக்கினார்கள். பழைய 95951 உள்ளிட்ட கோடுகள் போய், 95700இல் தொடங்கி 95726 வரை புது வரிசை வந்தது.

அது ஏன் இத்தனை கோடு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் பிரித்துக் காட்டியபின் எரிச்சல் குறைந்தது. தலையில் மின்முனைகள் ஒட்டி, நோயாளிக்கு விளக்கம் சொல்லி, கடைசியில் கழற்றும் வேலை 95700. டெக்னீஷியன் நேரில் நின்று செய்திருக்க வேண்டும், குறைந்தது 8 சேனல். அப்புறம் பதிவு ஓடும்போது கண்காணிக்கும் வேலைக்குத் தனிக் கோடு. அதற்கும் மேலே டாக்டர் வாசித்து எழுதுவதற்குத் தனிக் கோடு. கண்காணிப்பிலும் இரண்டு வகை. ஒரு டெக்னீஷியன் ஒரே நேரத்தில் நாலு பேருக்கு மேல் பார்க்காமல் கண்ணெடுக்காமல் பார்த்தால் தொடர் கண்காணிப்பு. பன்னிரண்டு பேர் வரை வைத்துக்கொண்டு, குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் இடைவிட்ட கண்காணிப்பு. "ஐ.சி.யு. நர்சும் வார்டு நர்சும்" என்றார். எங்கள் நாலு பேருக்கும் அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

டாக்டர் வாசிப்பில்தான் பெரிய காசு தப்பும். நோயாளி 72 மணி நேரம் வீடியோவோடு இ.இ.ஜி.யில் இருக்கிறார். டாக்டர் ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும் தனி ரிப்போர்ட் எழுதினால் 95720, மூன்று முறை. மூன்று நாளும் ஓடவிட்டு, கடைசியில் மொத்தமாக ஒரே ரிப்போர்ட் எழுதினால் 95724, ஒரு முறை. அதே நோயாளி, அதே மெஷின், அதே மூன்று நாள். ரிப்போர்ட் எத்தனை, அதில் எந்தத் தேதி, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு நிறுத்தினார்கள் என்று பார்க்காமல் கை வைக்கக்கூடாது. நேரம் எழுதவில்லையென்றால் நாமாக ஊகிக்கக்கூடாது, டாக்டருக்குக் கேள்வி அனுப்ப வேண்டும். என் பழைய டீமில் கேள்வி அனுப்பினால் வேலை தாமதம் என்று முகம் சுளிப்பார்கள். ஊகித்துவிட்டு ஆடிட்டில் வாங்கிக் கட்டுவோம்.

இதில்தான் நிலையத்தின் மேல் என் முதல் கோபம். வகுப்பில் சேர்ந்த அன்று கையில் கொடுத்த ஸ்பைரல் பைண்டிங் நோட்ஸ், பொதுக் கோடிங் பேட்சுக்கும் அதேதான். அதில் இ.இ.ஜி. பக்கத்தைத் திறந்தால் 95951 சிரித்துக்கொண்டிருந்தது! மூன்றரை வருஷத்துக்கு முன் செத்துப்போன கோடு. ரிசப்ஷனில் காட்டினேன். "அது கான்செப்டுக்கு, சிஸ்டர்" என்றார்கள். டீச்சர் அந்த நோட்ஸைத் தொட்டே பார்க்கமாட்டார் என்று அப்புறம்தான் கவனித்தேன். அவர் தன் கையெழுத்தில் எழுதி ஜெராக்ஸ் எடுத்த தாள்களைத்தான் தருவார், ஒரு பக்கம் ஒரு ரூபாய் என்று எங்களிடமே வசூலித்து.

நோய்க் கோடுகள் பகுதி எனக்கு எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். நர்சுதானே. அங்கேதான் நர்சு மூளை இடைஞ்சல். டாக்டர் "எபிலெப்ஸியாக இருக்கலாம்" என்று எழுதியிருப்பார். படிக்கும்போதே எனக்குத் தெரியும், இது எபிலெப்ஸி, வலிப்பு நோய்தான். ஆனால் வெளிநோயாளிக் குறிப்பில் 'இருக்கலாம்', 'சந்தேகம்' எதற்கும் கோடு கிடையாது. வலிப்பு வந்தது, அதுதான் தெரியும், ஆர்56.9 என்று அறிகுறிக்குப் போட வேண்டும். அதே நேரம், டாக்டர் 'சீஷர் டிஸார்டர்' என்று எழுதிவிட்டால் கோடு புத்தகத்தின் அகரவரிசைப் பட்டியல் நேராக எபிலெப்ஸிக்கு, ஜி40.909க்குக் கொண்டுபோய் விடும். டிஸார்டர் என்ற ஒரே வார்த்தைதான் வித்தியாசம். மருத்துவமனையில் படுக்கையில் சேர்த்த நோயாளிக்கு விதி தலைகீழ்: வீட்டுக்கு அனுப்பும்போதும் 'இருக்கலாம்' என்றே இருந்தால் இருப்பதாகவே கோடு போடலாம்.

எங்கள் மாமியின் தம்பிக்கு இளவயதில் ஒரே ஒருமுறை வலிப்பு வந்ததாம். கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்களாம். அதற்குப்பிறகு வரவேயில்லை. ஆனால் அவருக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாம் அந்தச் சாவியும் கூடவே போனது என்று மாமி சொல்வார். ஆர்56.9க்கும் ஜி40.909க்கும் இடையில் யோசிக்கும்போதெல்லாம் அந்த மனிதர் நினைவுக்கு வருகிறார்.

பக்கவாதத்தில் நான் செய்துகொண்டிருந்த தப்பு இன்னும் மோசம். எட்டு மாதத்துக்கு முன் ஸ்ட்ரோக் வந்தவர் பரிசோதனைக்கு வருகிறார். குறிப்பில் 'ஸ்ட்ரோக்' என்று இருக்கிறது. நான் ஐ63 போட்டேன். அது இப்போது நடந்துகொண்டிருக்கும் ஸ்ட்ரோக்குக்கு. பழைய ஸ்ட்ரோக்கால், பழக்கமான கையுள்ள வலது பக்கம் பலவீனம் மிச்சம் இருந்தால் ஐ69.351. ஒரு மிச்சமும் இல்லையென்றால் இசட்86.73. வலது கைப் பழக்கமா இடது கைப் பழக்கமா என்று டாக்டர் எழுதவில்லையென்றால் அதற்கும் விதி உண்டு: பாதித்தது வலது பக்கம் என்றால் அதையே பழக்கமான பக்கமாக எடுத்துக்கொள், இடது என்றால் இல்லையென்று எடுத்துக்கொள். எங்களோடு இருந்த கருங்கல் அக்காவுக்கு இடக்கைப் பழக்கம். "எங்களை யாரும் கணக்குலயே எடுக்கல்ல பாத்தியா" என்றார்.

போடாக்ஸ் வகுப்பு நவம்பர் முதல் ஞாயிறு. நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு தலை, நெற்றி, பிடரி, தோள் என்று 31 இடத்தில் ஊசி போடுவார்கள். 31 இடம் என்று பார்த்ததும் கை துறுதுறுக்கும். 64615, ஒன்றே ஒன்று. இரண்டு பக்கமும் அதற்குள்ளேயே அடக்கம். காசு மருந்தில் இருக்கிறது. ஜே0585 என்ற கோடு ஒரு யூனிட்டுக்கு. உடம்பில் போனது 155 யூனிட். குப்பி 200 யூனிட். மீதி 45 வீண். ஒரு வரியில் 155, இன்னொரு வரியில் ஜே.டபிள்யூ. என்ற அடையாளத்தோடு 45 என்று அமெரிக்க அரசு இன்சூரன்ஸான மெடிகேருக்குப் பில் போட வேண்டும். வீணானதற்கும் காசா என்று எல்லோரும் திகைத்தோம். குளச்சல்காரர்தான் சொன்னார்: "முழு மீனைத்தானே எடை போடுகா? தலையப் பூனைக்குப் போட்டாலும் காசு காசுதான்." டீச்சர் அதைத் தன் தாளில் எழுதிக்கொண்டார். 2023 ஜூலை 1 முதல் ஒரு சொட்டும் வீணாகவில்லையென்றால் அதையும் ஜே.இசட். என்று அடையாளம் போட்டுச் சொல்ல வேண்டும் என்பது அப்போது புதுசு. சும்மா இருந்தாலும் சும்மா இருந்தேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அரசு அலுவலகம் எங்கேயும் அரசு அலுவலகம்தான்.

ஏ.ஆர். காலர் இருந்ததில் ஒரு நன்மை, நாங்கள் போடும் கோடு அந்தப் பக்கம் என்னவாகிறது என்று தெரிந்தது. போடாக்ஸ் பில் திரும்பி வந்தால் முதலில் சிஓ-197தானா என்று பார்ப்பாராம், அதாவது முன்அனுமதி வாங்கவில்லை. நரம்புச் சோதனை என்றால் சிஓ-50, மருத்துவத் தேவை தெரியவில்லை. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி என்று டாக்டர் எழுதியிருக்கிறாரா, முன்பு எந்தெந்த மாத்திரை கொடுத்துப் பலிக்கவில்லை என்று இருக்கிறதா, கடைசி ஊசி போட்டு 12 வாரம் ஆகிவிட்டதா என்று அவர் ராத்திரி இரண்டு மணிக்குத் தேடிக்கொண்டிருப்பாராம். இதற்கென்று இரண்டு வகுப்பு என்று பாடத்திட்டத்தில் அச்சடித்திருந்தார்கள். நடந்தது அரை மணி நேரம், அதையும் நடத்தியது இந்தக் குளச்சல்காரர், சம்பளம் இல்லாமல், ரசவடை சாப்பிட்டுக்கொண்டே.

பார்க்கின்சன் கதையைச் சொல்லாமல் விடக்கூடாது. செப்டம்பர் கடைசி ஞாயிறு பார்க்கின்சனுக்கு ஜி20 என்று படித்தோம். அடுத்த ஞாயிறு டீச்சர் உள்ளே வந்ததும் "போன வாரத் தாளக் கிழிங்க" என்றார். அக்டோபர் 1 முதல் ஜி20 மட்டும் போட்டால் செல்லாது. கட்டுப்பாடில்லாத அசைவு இல்லை, மருந்தின் பலன் ஏறி இறங்குவதும் இல்லை என்றால் ஜி20.ஏ1, ஏற்ற இறக்கம் மட்டும் இருந்தால் ஏ2, அசைவு மட்டும் என்றால் பி1, இரண்டும் என்றால் பி2, வகை தெரியாத பார்க்கின்சனிசம் ஜி20.சி. திங்கட்கிழமை கம்பெனியில் முதல் ஆளாக இதைச் சொன்னது நான். எங்கள் லீடுக்கு மெயில் வந்தது புதன்கிழமை. அந்த இரண்டு நாளுக்கே 18,000 கொடுக்கலாம் என்று அன்று தோன்றியது. நிலையத்தின் கணினியில் எங்களுக்குப் பயிற்சிக்குக் கொடுத்த சாஃப்ட்வேர் நவம்பர் கடைசியிலும் ஜி20ஐச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டது.

மற்ற குறைகள். வாசலில் '100 சதவீத வேலை உறுதி' என்று பலகை. எங்கள் பேட்சில் வேலை இல்லாமல் வந்தவர்கள் நாலு பேர். வகுப்பு முடிந்து மூன்று மாதத்தில் ஒருவருக்குக் கிடைத்தது, அதுவும் அவளாக விண்ணப்பித்து, சென்னையில். நிலையம் செய்தது வாட்ஸாப் குழுவில் வேலை விளம்பரங்களை ஃபார்வர்டு செய்தது. வேலைக்கு ஏற்பாடு செய்கிறோம் என்று டிகிரி சான்றிதழின் அசலை வாங்கி வைத்துக்கொள்ளக் கேட்டார்கள். கொடுக்காதீர்கள். நான் கொடுக்கவில்லை, ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. பதினோரு பேருக்கு மூன்று செட் புத்தகம், அதில் இரண்டு பழைய பதிப்பு. ஒவ்வொரு வருஷமும் ஜனவரியில் சிபிடியும் அக்டோபரில் நோய்க் கோடுகளின் புத்தகமான ஐசிடியும் மாறும் தொழிலில் பழைய புத்தகம் என்பது போன வருஷப் பஞ்சாங்கம். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ரிசப்ஷனுக்கு மட்டும். சேரும்போது 45,000க்கு 'காம்போ' என்று பொதுக் கோடிங்கையும் சேர்த்துத் தலையில் கட்டப் பார்த்தார்கள். அந்த வகுப்பை ஒருநாள் வெளியே நின்று கேட்டேன். கோடிங் சான்றிதழுக்கான சிபிசி தேர்வின் கேள்விகளை ஒருவர் வாசிக்க, பிள்ளைகள் விடையைக் கோரஸாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தேர்வு 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் பாஸ், புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். கோரஸ் அதற்குப் போதும். எஃப்-வேவுக்குப் போதாது.

டீச்சரிடமும் குறை உண்டு. வேகமாகப் போவார். பொறுமை குறைவு. ஒரே நாளில் நரம்புச் சோதனையும் டாக்டர் ஆலோசனையும் நடந்தால் 25 என்ற அடையாளம் எப்போது போடலாம், எப்போது போடக்கூடாது என்பதை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். எனக்கு இன்றுவரை அதில் தடுமாற்றம். மூளைக்குள் கருவி வைத்தவர்களுக்கு அதைச் சரிசெய்யும் 95983, 95984 பற்றி "உங்க கிளையண்டுல வராது, விடு" என்றார். டிசம்பரில் வந்தது.

என் ஆடிட் அக்டோபரில் 89, நவம்பரில் 94, ஜனவரியில் 97. இப்போது டீமில் இ.எம்.ஜி. ரிப்போர்ட் சிக்கலானால் எனக்கு அனுப்புகிறார்கள். பிப்ரவரியில் என் நாத்தனார் மகள் சேரலாமா என்று கேட்டாள். போய் விசாரித்தால், டீச்சர் சம்பளப் பாக்கிச் சண்டையில் போய்விட்டாராம். வகுப்பு மட்டும் அதே 18,000க்கு நடக்கிறதாம், பொதுக் கோடிங் எடுக்கும் அதே கோரஸ் ஆள் எடுக்கிறாராம். மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீட்டு மாடியில் டீச்சர் தனியாகச் சொல்லிக்கொடுக்கப் போவதாகக் கேள்வி. நம்பர் மாறிவிட்டது, தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே நாகர்கோவிலிலோ தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ நியூரோ கோடிங் என்று பலகை பார்த்துப் படியேறுகிறவர்கள் கட்டணத்தைக் கேட்பதற்கு முன் பாடம் எடுக்கும் ஆளைப் பார்க்கக் கேளுங்கள். வலது கையில் நாலு, இடது கையில் இரண்டு, கூடவே இரண்டு எஃப்-வேவ், மொத்தம் எத்தனை ஸ்டடி என்று கேளுங்கள். எட்டு என்று சொன்னால், நன்றி சொல்லிவிட்டு இறங்கி வந்து பஸ்ஸைப் பிடியுங்கள்.